புதுக் காயில் வாடை

ஸ்டெல்லா சோற்றுத் தூக்கோடு கடை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“இன்னாய்யா இது, இப்பிடி கேஸ் நாறுது?”

கத்திரி வெயில். மணி பன்னிரண்டரை இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் கடையின் தகரக் கூரை அதிரும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப்போட்ட கூலிங் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏசி கடைல கேஸ் நாறாம மல்லிப்பூவா நாறும்?” என்றேன்.

என் மனைவி சாதாரணமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை.

“யோவ், வெளாடாத. இது உன் ஏசி கேஸ் இல்ல. அடுப்பு கேஸு. நம்ம வூட்டு சிலிண்டர்ல ரப்பர் போனப்போ நாறிச்சே, அதே நாத்தம்.”

என் கடையில் அடுப்பு கிடையாது. டீ கூட எதிர்க்கடையிலிருந்துதான் வரும். தூக்கைக் கீழே வைத்துவிட்டு மோப்பம் பிடித்தபடி உள்ளே வந்தாள். டயர் அடுக்கைத் தாண்டினாள். கேஸ் ஏற்றும் மீட்டர் தொங்குகிற ஸ்டாண்டுக்குப் போனாள். அதிலிருந்த மஞ்சள் ஓஸின் முனையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவள், சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு கீழே இருந்த சிலிண்டரைக் காலால் தட்டினாள்.

“இதான். இதுலேர்ந்துதான் வருது.”

அவள் கையிலிருந்த ஓஸை வாங்கி நானும் மோந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சிலிண்டரிலிருந்து அன்று காலையில் ஒரே ஒரு காருக்குத்தான் கேஸ் ஏற்றியிருந்தேன். அந்தக் காரில் அந்நேரம் பிறந்து எட்டு நாளான ஒரு குழந்தை போய்க்கொண்டிருக்கும். 

மூக்கு சாமு

போன வாரம் நான் இங்கே எழுதிய கதையைப் படித்துவிட்டு, “எப்போதும் சிரிக்கவே வைக்கிறீர்களே, தொழிலில் பயந்ததே இல்லையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை போட மாட்டேன். மறக்க நினைத்ததைக் கிளறிவிட்டீர்கள்.

கதைக்கு முன்னால் என் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

செங்கல்பட்டில் சாமுவேல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூக்கு சாமு என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்லிவிடுவார்கள். கார் ஏசியைப் போடச் சொல்லி, டேஷ்போர்டில் காற்று வருகிற சின்ன ஜன்னலில் முகத்தை வைப்பேன். கண்ணை மூடி மூன்று எண்ணுவேன். ஈரத் துணி வாடை அடித்தால் தண்ணீர் போகிற குழாய் அடைப்பு. லேசாகத் தித்திப்பு வாடை அடித்தால் ஹீட்டரில் ஓட்டை. எண்ணெய் வாடை என்றால் கூலிங் காயில் போச்சு. பிரித்துப் பார்த்தால் நான் சொன்னது சொன்னபடி இருக்கும்.

சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற டிரைவர்கள் இதற்காகவே டீ பந்தயம் கட்டுவார்கள். பெரிய பெரிய மெஷின் வைத்த கடைகளைத் தாண்டி என் தகரக் கொட்டகைக்கு வண்டி வந்ததென்றால் இந்த மூக்குக்காகத்தான். எங்கள் அப்பா படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் களை பறித்தவர். அவர் பிள்ளைக்கு ஆண்டவர் நிலம் தரவில்லை, மூக்கைத் தந்தார் என்று நானே மேடை இல்லாமல் பேசிக்கொள்வேன்.

கொரோனா வந்தது. எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, நாக்கு கூடப் பாதி திரும்பி வந்தது. மூக்கு மட்டும் வரவில்லை. மூன்று மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர். மூன்று மாதம் பொறுத்தேன், ஆறு மாதம் பொறுத்தேன். பினாயிலும் பிரியாணியும் எனக்கு ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கச்சேரி பண்ணுகிறவன் தொண்டை போச்சு என்று போஸ்டர் ஒட்டுவானா?

நடிக்க ஆரம்பித்தேன். முகத்தை ஜன்னலில் வைப்பேன், கண்ணை மூடுவேன், மூன்று எண்ணுவேன். பிறகு டிரைவரிடம், “உனக்கு இன்னா வாடை வருது, நீ சொல்லு பாக்கலாம்,” என்று பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரிக் கேட்பேன். அவன் சொல்வதை வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். மிச்சத்தை மீட்டரும் பழக்கமும் சொல்லிவிடும்.

வீட்டிலும் நடிப்புதான். ஒரு நாள் சாயந்திரம் உள்ளே நுழைந்ததும் அடுப்பில் சட்டியைப் பார்த்துவிட்டு, “கொழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் தூக்குது,” என்றேன். ஸ்டெல்லா மூடியைத் திறந்து காட்டினாள். குளிக்க வைத்திருந்த வெந்நீர். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

உப்பு தின்ற கார்

ஏழுமலை அண்ணனுக்கு வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம். பயிர் வைத்த குடும்பம். கல்யாணம் கட்டிக் கடற்கரைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் வீடு. சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார். சிற்பம் பார்க்க வருகிறவர்களைப் பனிக்காலத்தில் தன் ஊருக்கே இட்டுக்கொண்டு போய்ப் பறவை காட்டிவிட்டு வருவார்.

வாசலில் நின்றால் அலை தெரிகிற வீடு. அப்படிப்பட்ட இடத்தில் காரை நிறுத்தினால் உப்பு சும்மா இருக்குமா? முன்பக்கம் இருக்கிற கண்டென்சரை விரலால் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டு கோடையாக ஏசி கிடையாது. ஏறுகிறவர்களிடம் “இயற்கை காத்து சார், ஒடம்புக்கு நல்லது” என்று சமாளித்து வந்தார்.

அந்தப் புதன்கிழமை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நைனா, என் பொண்ணு கண்மணி இங்க பெரியாஸ்பத்திரில கீறா. ஆபரேசன் பண்ணி எடுத்த கொழந்த. ஆறு வருசம் கழிச்சி பொறந்த ஆம்பளப் புள்ள. வெள்ளிக்கெழம இட்டுகினு போறேன். இந்த வெயில்ல கண்ணாடிய தொறந்துகினு போனா பச்ச ஒடம்பு தாங்குமா? இன்னா மாத்தணுமோ எல்லாத்தையும் மாத்து.”

மாற்றினேன். கண்டென்சர், கூலிங் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர், இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். கூலிங் காயில் டேஷ்போர்டுக்கு உள்ளே அடி வயிற்றில் இருக்கும். ஸ்டீயரிங்கைச் சுற்றி அத்தனையையும் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் திரும்ப மூடிவிட்டால் அந்த இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர் எட்டாது, கண் எட்டாது. மூக்குதான் எட்டும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே அண்ணன் வந்து நின்றார். பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ராகு காலம் முடிந்ததும் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்று வீட்டில் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பைப்பில் இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, எங்காவது ஓட்டை இருந்து மீட்டர் முள் ஏறுகிறதா என்று நான் அரை மணி நேரம் பார்ப்பது வழக்கம். அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என் உயிரை வாங்கியதில் பத்து நிமிடத்தோடு விட்டேன். முள் ஏறவில்லை.

கேஸ்தான் அந்த வாரம் எங்கேயும் இல்லை. வழக்கமாகத் தருகிறவர் கையை விரித்துவிட்டார். முதல் நாள் முன்பின் தெரியாத ஒருவன் பைக்கில் ஒரு சிலிண்டர் கொண்டுவந்தான். லேபிள் உரிந்திருந்தது. ஏசி கேஸ்தான் என்றான். அந்தக் காலமாக இருந்தால் மூடியை லேசாகத் திறந்து ஒரு மோப்பம், அவ்வளவுதான், அவன் தலை தெறிக்க ஓடியிருப்பான். அன்றும் திறந்தேன். கண்ணை மூடினேன். மூன்று எண்ணினேன். “சரி, வெச்சிட்டு போ,” என்றேன். அவன் என்ன நினைத்திருப்பான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுப்பு கேஸுக்குக் குளிர்ச்சி அதிகம். அண்ணன் காரில் ஐந்தே நிமிடத்தில் கைரோமம் சிலிர்க்கிற அளவுக்குக் காற்று வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவர் கேட்ட கேள்வி

அண்ணன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் இறக்கினார்.

“சாமு, இன்னாபா ஒரு மாதிரி வாடை அடிக்குது?”

நான் குனிந்து ஏசி ஜன்னலில் முகத்தை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. குளிர்தான் தெரிந்தது.

பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். வழக்கம்போல “உனக்கு இன்னா வாடை வருது” என்று அவரையே கேட்டிருந்தால்கூட “அடுப்பு கேஸ் மாதிரி” என்று சொல்லியிருப்பார். ஆனால் சிறுசேரி டிரைவர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரில் எனக்கு உடனே பதில் வர வேண்டியிருந்தது.

“புதுக் காயில் வாடைண்ணே. உள்ள ஸ்பாஞ்சி ஒட்டிகீறோம்ல, அந்த கம்மு வாடை. ரெண்டு நாள்ல போயிடும், பயப்படாத.”

“அப்பிடியா? சரி சரி. நீ சொன்னா சரிதான்.”

புதுக் காயில் வாடை என்று நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். தொண்ணூறு தடவை உண்மையாகவும் இருந்திருக்கும்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. டேஷ்போர்டைப் பிரித்து வேலை செய்த வண்டி எதுவானாலும், கிளம்பும்போது ஒரு எலுமிச்சம்பழமும் கற்பூரப் பொட்டலமும் கொடுப்பேன். கடைச் சுவரில் இயேசுநாதர் காலண்டர், மேசை டிராயரில் கற்பூரம். பாதிரியார் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஸ்டெல்லா கேட்பாள். வண்டிக்காரன் மனம் குளிர்ந்தால் போதும் என்பேன். கடலோரத்துக்காரர்களுக்கு இரண்டு பொட்டலம். அங்கே வெளியில் தீக்குச்சி நிற்காது. அதனால் அவர்களுக்கு ஒரு யோசனையும் இலவசம்.

“காத்து வுடாதுண்ணே. கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே கொளுத்திடு.”

அன்றும் சொன்னேன். அண்ணன் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வூட்டாண்ட கொழந்தைய எறக்கறதுக்கு முன்ன ஆரத்தி சுத்துவாங்கல்ல, அதுக்கு வெச்சிக்கிறேன்,” என்றார்.

போல்ட்டு

“யோவ், இன்னா செல மாதிரி நிக்கிற? யார் வண்டிக்கு ஏத்துன?” ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சொன்னேன். அண்ணன், குழந்தை, கற்பூரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

“உள்ள லீக் இருந்தா அவருக்கே தெரியுமே?”

“கேட்டாரு. புதுக் காயில் வாடைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்யா? உனக்கு தெரியலயா?” அவள் முகம் மாறியது. “இப்ப மோந்தியே, அப்பகூட தெரியலயா?”

“இல்ல.”

“எப்பத்துலேர்ந்து?”

“கொரோனாலேர்ந்து.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். “நம்பர் எது, சொல்லு,” என்றாள்.

மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். பைக்கை எடுத்தேன். அவளும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கார் இல்லை. பன்னிரண்டு அடித்ததும் கிளம்பிவிட்டார்கள் என்றார் ஆட்டோக்காரர் ஒருவர்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் நான் அப்படி ஓட்டியதில்லை. கானல் ஓடுகிற தாரில் கண் கூசியது. பின்னால் ஸ்டெல்லா ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போன் அடித்தபடி இருந்தாள். இடையிடையே “இயேசப்பா, இயேசப்பா” என்பாள். பயத்தில் மனசு சும்மா இருக்காது. கண்ணாடி ஏற்றி அடைத்த காரை மனக்கண்ணில் பார்த்தேன். அடுப்பு கேஸ் காற்றைவிடக் கனம். அது சீட்டுக்கு அடியில் தண்ணீர் மாதிரித் தேங்குவதைப் பார்த்தேன். மேலே மடியில் குழந்தை. அண்ணனுக்குப் பீடி பழக்கம் உண்டா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை எழும்பியது. என் கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிட்டது. வண்டி உருண்டு நிற்கப்போனது. “இன்னாய்யா, போ!” என்று ஸ்டெல்லா முதுகில் தட்டினாள். நான் அந்தப் புகையைப் பார்த்தபடியே அருகில் போனேன். வயல் ஓரத்தில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் ரஃபீக் நினைவுக்கு வந்தான். பூஞ்சேரி கூட்ரோட்டில் கார் ஸ்டாண்டில் இருப்பவன், அண்ணனையும் தெரியும். அவனுக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்டெல்லா என் காதில் வைத்தாள்.

“ரஃபீக், ஏழுமலை அண்ணன் வண்டி அந்தாண்ட வரும். நிறுத்தி வை.”

“இன்னாத்துக்கு மச்சான்?”

இதை எழுதவே கூசுகிறது. குழந்தை காருக்குள் இருக்கிறது. கற்பூரம் அவர் பையில் இருக்கிறது. அந்த நேரத்திலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“ஒரு போல்ட்டு டைட் பண்ணல, அவ்ளோதான்.”

சாமு அடுப்பு கேஸ் ஏற்றிவிட்டான் என்று பூஞ்சேரி ஸ்டாண்டுக்குத் தெரிந்தால் சாயந்திரத்துக்குள் சிறுசேரி வரைக்கும் தெரியும். அந்தப் பயம், குழந்தை பயத்துக்கு ஒரு அடி முன்னால் ஓடிவிட்டது.

ஸ்டெல்லா என் காதிலிருந்து போனை இழுத்துக்கொண்டாள். முதுகில் ஒரு குத்து விழுந்தது. “இன்னும் பொய்யா சொல்லிகினு கீற? த்தூ!” என்றாள். அதற்குள் லைன் அறுந்திருந்தது. அவனுக்குத் திரும்ப அடித்தாள். லைன் கிடைப்பதற்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டது. ஸ்பீக்கரில் அவன் குரல் உற்சாகமாக வந்தது.

“இப்பதான் போனாரு மச்சான். கைய காட்னேன். புள்ள பொறந்ததுக்கு வாழ்த்து சொல்றேன்னு நெனச்சிகினு ஆரன் அடிச்சிட்டு போய்ட்டாரு. போல்ட்டுதானே, வுடு, அப்பறம் பாத்துக்கலாம்,” என்றவன், ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

ஆரத்தித் தட்டு

குப்பத்துத் தெருவில் திரும்பியதும் வெள்ளைக் காரைப் பார்த்தேன். எரியவில்லை. முழுசாக நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் ஏறியிருந்தன. குழந்தைக்கு வேர்க்கக்கூடாது என்று ஏசியை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். என் வேலையின் லட்சணம்!

காரைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அண்ணன் சம்சாரம் சரோஜா அக்கா கையில் ஆரத்தித் தட்டு, செக்கச்சிவந்த தண்ணீர், நடுவில் வெற்றிலையும் அதன்மேல் என் கற்பூரமும். கடல் காற்று புடவைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் குச்சியை உரசுகிறார், அணைகிறது. இன்னொன்று, அதுவும் அணைந்தது.

அவர் கையை ஆட்டி என்னவோ சொன்னார். பின் கதவைத் திறந்தார். அக்கா தட்டோடு காருக்குள் குனிந்தாள். காற்று படாமல் உள்ளேயே கொளுத்தச் சொல்கிறார். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

நான் கத்தினேன். கடல் காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது. முப்பது அடி தூரம் இருக்கும், மணலில் பைக் சக்கரம் சிக்கிக்கொண்டது. அண்ணனும் அக்காவை ஒட்டிக் குனிந்து குச்சியை உரசினார். உப்புக் காற்றில் நமுத்த பெட்டி. மருந்து பிய்ந்து விழுந்தது. அடுத்த குச்சியை எடுத்தார்.

பைக் சாய்வதற்கு முன்பே ஸ்டெல்லா குதித்திருந்தாள். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. நேரே போய் இரண்டு கையாலும் அந்தத் தட்டை ஓங்கித் தட்டினாள். தட்டு காரின் கதவில் மோதி மணலில் உருண்டது. சிவப்புத் தண்ணீர் சீட்டிலும், உள்ளே இருந்த கண்மணியின் புடவையிலும், அக்காவின் முகத்திலும் தெறித்தது.

“அடிப்பாவி! யாருடி நீ?”

“பச்ச கொழந்தைக்கு எடுத்த ஆரத்திய தட்டி வுட்டாளே, வெளங்குவாளா இவ?”

யாரோ ஸ்டெல்லாவின் கொண்டையைப் பிடித்தார்கள். அவள் விடவில்லை. அண்ணன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பறித்துத் தூர எறிந்தாள்.

“வண்டில கேஸ் கீது! அடுப்பு கேஸு! புள்ளய வெளிய எடுங்க!”

நான் போய் விழுந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். அக்கா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். கண்மணியை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

குழந்தை தூங்கியது. அத்தனை சத்தத்திலும் அது அசையவில்லை. அக்கா கன்னத்தைத் தட்டினாள். “அய்யா, ராசா,” என்றாள். உள்ளங்காலில் சுண்டினாள். கால் மட்டும் லேசாக மடங்கியது. மறுபடி சுண்டினாள். மூன்றாவது சுண்டலில் முகத்தைக் கோணிக்கொண்டு வீல் என்று கத்தியது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“நான் ஆஸ்பத்திரி வாசல்லயே சொன்னேன்மா, இன்னாமோ நாறுது, தலைய வலிக்குதுன்னு. அப்பாதான், மெக்கானிக் சொல்லிட்டாரு, புதுக் காயிலு, ரெண்டு நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும்னாரு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கொழந்தை தூங்குதே என்று போனைக் கூட சைலன்ட்டில் போட்டுவிட்டேன் என்று முனகினார்.

தெரியலன்னு ஒரு வார்த்தை

காரை நாலு பேராகத் தள்ளிக் கடலைப் பார்த்த வெறும் மணலுக்குக் கொண்டுபோனோம். எல்லாக் கதவுகளையும் திறந்தோம். பைப் மூடியை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கேஸைக் காற்றில் விட்டேன். ஸ்டெல்லா எட்டி நின்று மோந்து சொன்னாள். “இன்னும் வருது… இன்னும் வருது… இப்ப கொறஞ்சிச்சி… இப்ப இல்ல.” டேஷ்போர்டுக்குள் ஒரு ஓ-ரிங் நசுங்கியிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தேன். அரை மணி நேரம் முள்ளைப் பார்த்திருந்தால் அது காட்டிக்கொடுத்திருக்கும்.

திரும்பி வீட்டு வாசலுக்கு வந்தபோது கூட்டம் அப்படியே இருந்தது. இப்போது அடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணன் என் தோளில் கை போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இவன் யாரு தெரியுமா? மூக்கு சாமு! வண்டி இவன் கடைய வுட்டு கெளம்பி எத்தினி நேரம் ஆவுது! கடைல கேஸ் வாடைய மோந்து புடிச்சி, அங்கேர்ந்து இங்க ஓடியாந்து என் பேரன காப்பாத்திட்டான்யா!”

முகங்கள் மாறின. ஸ்டெல்லாவின் கொண்டையைப் பிடித்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு நாற்காலி வந்தது. நான் உட்கார்ந்தேன். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. நானாக எதுவும் சொல்லவில்லையே, அவராகத்தானே சொன்னார் என்று மனசுக்குள் நியாயம்கூடத் தயாராகிவிட்டது. ஸ்டெல்லா என் பக்கம் பார்க்கவே இல்லை. புடவையில் தெறித்த சிவப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சரோஜா அக்கா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியருகே நீட்டினாள்.

“தலைல கைய வெச்சி ஆசீர்வாதம் பண்ணுபா. நீ குடுத்த உசுரு.”

குழந்தை விழித்திருந்தது. புருவத்தில் சிவப்புத் தண்ணீர் ஒரு பொட்டாகக் காய்ந்திருந்தது. என் கை எழவில்லை.

“வேணாங்க்கா,” என்றேன். “எனக்கு மூக்கு கெடையாது. கொரோனால போச்சு. இதுல கேஸு மாறிப்போனது எனக்கு தெரியவே இல்ல. வாடைய கண்டுபுடிச்சது இவதான். காலைல அண்ணன் இன்னா வாடைன்னு கேட்டப்போ, எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியாமயே சொல்லிட்டேன்.”

அக்கா நீட்டிய குழந்தையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் என் தோளிலிருந்து கையை எடுத்தார். கோபப்படுவார், அடிப்பார் என்று பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் என் எதிரில் மணலில் குந்திக்கொண்டு, கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

“நான் கேட்டனே சாமு,” என்றார். “தெரியலண்ணேன்னு சொல்லியிருந்தா, கண்ணாடிய எறக்கி வுட்டுகினு வந்திருப்பேன். அவ்ளோதானே?”